சார்நிலைக் கருவூலத்தின் ஓய்வூதியப் பிரிவு: காலியிடம் நிரம்பிய பின் கண்ட சேவை

தமிழ்நாடு கருவூலக் கணக்குத் துறையின் சார்நிலைக் கருவூலம் ஒன்றுக்கு என் தாயாரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓராண்டுக்கு மேலாகச் சென்று வந்தவன் என்ற முறையில், அதன் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

80 வயது நிறைந்தவருக்கு அரசு தரும் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தோம். ஓய்வூதியக் கொடுப்பாணையில் தாயாரின் பிறந்த நாள் பதிவாகாததால் வயதுச் சான்றையும் இணைத்திருந்தோம். ஆனால் ஓய்வூதியப் பிரிவின் கணக்கர் பணி நிறைவு பெற்றுச் சென்றபின் அந்த இருக்கைக்கு எவரும் வரவில்லை. சம்பளப் பட்டியல்களைத் தணிக்கை செய்யும் கணக்கரே அதையும் கூடுதல் பொறுப்பாகக் கவனித்தார். மாதக் கடைசியில் பட்டியல்கள் குவியும்போது ஓய்வூதியக் கோப்புகளை அவரால் தொடவே முடியாது. அவர்மீது எனக்குக் குறை இல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகும் அவர் மேசையில் விளக்கு எரிந்ததைக் கண்டிருக்கிறேன். எங்கள் கோப்பு ஐந்து மாதம் கிடந்தது.

ஓர் அரசு ஊழியர் ஓய்வு பெறும் நாள், அவர் பணியில் சேரும் அன்றே ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. ஓய்வு பெறும் வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்ததால் தள்ளிப்போன ஓய்வுகள், 2022 முதல் மீண்டும் தொடங்கும் என்பதும் முன்பே தெரிந்ததுதான். பட்டியல்கள் கணினி வழியே வந்தாலும், அவற்றைச் சரிபார்த்து ஒப்பளிக்க விதி தெரிந்த ஆள் வேண்டும்.

பின்னர் பதவி உயர்வில் ஒரு கணக்கரும், குரூப் 4 தேர்வு வழியாக இரண்டு இளநிலை உதவியாளர்களும் வந்தார்கள். அதன்பின் பதினொரு நாளில் நிலுவைத் தொகை முழுவதும் தாயாரின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. எந்த மாதத்துக்கு எவ்வளவு என்ற விவரத்தையும் புதிய உதவியாளரான ஓர் இளம்பெண் தாளில் எழுதித் தந்தார்.

இன்னும் ஒரு குறை உண்டு. புதியவர்களுக்குப் பழைய பதிவேடுகளை விளக்க எவரும் இல்லாததால், ஓய்வு பெற்ற அந்தக் கணக்கரே இரண்டு காலை வேளைகளில் தாமாக வந்து சொல்லிக் கொடுத்தாராம். ஒருவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பாவது அடுத்தவரை அவர் பக்கத்தில் அமர்த்தத் துறை ஆணையிட வேண்டும். ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நேர்காணலுக்கு இவ்வாண்டு தாயாரை அழைத்துச் சென்றபோது, அந்தப் பெண் எழுந்து வந்து வாசலருகிலேயே அவரை அமர வைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டார்.