பனிக்கட்டித் தடங்களில் ஆறு பருவங்கள்: மைக்ரோஸ்பைக்கும் கரடி ஸ்ப்ரேயும்

கனடாவின் கால்கரியில் குடியேறியதிலிருந்து, செப்டம்பர் கடைசி வாரம் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை பான்ஃப், கனனாஸ்கிஸ் மலைத்தடங்களில் நடப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகி உதிரும் நாள்களும், அதன் பின் கூட்டம் கலைந்து மலை அமைதியாகும் வாரங்களும் எனக்கு ஆண்டிலேயே மிகப் பிடித்த காலம். இந்த ஆறு பருவங்களிலும் நான் விடாமல் எடுத்துச் சென்ற பொருள்கள் இரண்டு: பனிக்கட்டியில் வழுக்காமலிருக்கக் காலணியின் மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக், தாக்க வரும் கரடியை விரட்ட இடுப்பில் தொங்கும் மிளகாய்க்காரத் தெளிப்பானான கரடி ஸ்ப்ரே.

புதிதாக விழுந்த பனியில் நடப்பது அவ்வளவு கடினமில்லை. பலர் மிதித்து இறுகிய பனி பகல் வெயிலில் சற்றே உருகி இரவில் மீண்டும் உறையும்போதுதான் தடம் கண்ணாடியாகிறது. மேற்கிலிருந்து வீசும் வெதுவெதுப்பான சினூக் காற்று ஒரே நாளில் பனியைக் கரைத்துவிட்டு ஓய்ந்ததும், மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசமாகும். லேக் லூயிஸிலிருந்து லேக் ஆக்னஸுக்கு ஏறும் வழியில் மரநிழல் விழும் வளைவுகள் இதற்குச் சரியான உதாரணம். வெயில் படும் இடத்தில் ஈர மண்ணாக இருக்கும் தடம், பத்தடி தள்ளி நிழலில் சாம்பல் நிறப் பனிக்கட்டியாக மாறிவிடும். முதல் ஆண்டு, ஸ்பைக் பைக்குள்ளேயே இருக்க, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று அதை மாட்டாமல் இறங்கி, அப்படியொரு வளைவில் விழுந்தேன். மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது. வழுக்கத் தொடங்கிய பிறகு சரிவில் ஒற்றைக் காலில் நின்று ஸ்பைக் மாட்டுவது எளிதல்ல என்பதால், இப்போதெல்லாம் முதல் பனிக்கட்டியைக் கண்டவுடன், சமதளத்தில் நிற்கும்போதே மாட்டிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ரப்பர் வார், எஃகுச் சங்கிலி, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீள முட்கள் கொண்ட வகை. முட்கள் ஆறு ஆண்டுகளாக நன்றாகவே தாங்கியிருக்கின்றன. ஆனால் பனியற்ற பாறைமீது சோம்பலால் கழற்றாமல் நடந்த இடங்களிலெல்லாம் அவை மழுங்கியிருக்கின்றன, இரண்டு முறை அரத்தால் தீட்ட வேண்டியிருந்தது. ரப்பர்தான் பலவீனமான பகுதி. நான்காம் பருவத்தில், பெருவிரலுக்கு அருகே சங்கிலி கோக்கும் துளையின் ஓரத்தில் நகக்கண் அளவு விரிசல் கண்டது. வாரை இழுத்துப் பிடித்தபோதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒவ்வொரு துளையையும் இழுத்துப் பார்க்கிறேன். வீடு திரும்பியதும் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்துகிறேன். ஈரப்பனி அடிப்பக்கத்தில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும்போது முட்கள் தரையைத் தொடுவதே இல்லை. கைக்கோலால் தட்டிவிட வேண்டும். செங்குத்தான உறைபனிச் சரிவுகளுக்கு இது போதாது. 2,611 மீட்டர் உயரமுள்ள சென்டினல் பாஸ் (கணவாய்) போன்ற இடங்கள் பனி மூடிய பின் பனிச்சரிவு அபாயப் பகுதிகளாகிவிடுகின்றன. ஸ்பைக் இருக்கிற தைரியத்தில் அங்கே ஏறுவது தவறு.

விலங்குகளைப் பொறுத்தவரை, குளிர் வந்தால் கரடிகள் உறங்கப் போய்விடும் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. இலையுதிர் காலத்தில் கரடிகள் கொழுப்புச் சேர்க்க நாள் முழுதும் தின்றுகொண்டே இருக்கும். ஆண் கிரிஸ்லி கரடிகள் சில டிசம்பர் வரைகூட வெளியே திரிவதுண்டு. ஓர் அக்டோபர் காலையில், 2,206 மீட்டர் உயர ஹைவுட் பாஸிலிருந்து டார்மிகன் சர்க் தடத்தில் ஏறும்போது, உடன் வந்த நண்பரின் தம்பி நின்று, "அண்ணா, இதைப் பாருங்க" என்றான். புதுப்பனியில், ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்த ஐந்து விரல்களும், அவற்றுக்கு வெகு முன்னால் தனித்தனிப் புள்ளிகளாக நகங்களும் பதிந்திருந்தன. கிரிஸ்லியின் காலடி. அதன் விளிம்பு இன்னும் உதிரவில்லை. அன்றைய பூப்பனி அதற்குள் படியவும் இல்லை, அதாவது கரடி சற்று முன்புதான் கடந்திருக்கிறது. சத்தமாகப் பேசிக்கொண்டே வந்த வழியே திரும்பிவிட்டோம்.

அன்று ஸ்ப்ரே என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பைக்குள் இருந்தால் அதனால் பயனில்லை. அது பாயும் தூரம் சுமார் 5 முதல் 9 மீட்டர்தான், கரடியோ நொடிகளில் அதைக் கடந்துவிடும். கடுங்குளிரில் குப்பியின் அழுத்தம் குறைவதால், அத்தகைய நாள்களில் மேற்சட்டையின் உட்புறம் வைத்து, காட்டுக்குள் நுழையும்போது பெல்ட்டுக்கு மாற்றுகிறேன். தடித்த கையுறையுடன் பாதுகாப்புப் பூட்டைத் தள்ள முடிகிறதா என்பதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் முடியவில்லை, மெல்லிய உட்கையுறைக்கு மாறினேன். நாம் வருவதைக் கரடிக்கு உணர்த்த, மணி கட்டிக்கொண்டு நடப்பதைவிடக் குரல் கொடுப்பதே நல்லது. கரடியிடமிருந்து 100 மீட்டர், எல்க் மானிடமிருந்து 30 மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்பது தேசியப் பூங்கா தரும் அறிவுரை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் இணை தேடும் ஆண் எல்க் எதிரே நின்றால், 30 மீட்டரும் எனக்குக் குறைவாகவே தோன்றுகிறது.

நவம்பர் நடுவில் பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டிவிடும். ஆகவே லித்தியம் பேட்டரி போட்ட ஹெட்லாம்ப் பையில் எப்போதும் இருக்கும். தண்ணீர் மேலிருந்து உறைவதால் குப்பியைத் தலைகீழாக வைக்கிறேன். ஹைவுட் பாஸ் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை 40-இல் நீண்ட தூரத்துக்குக் கைபேசி சிக்னல் கிடைக்காது. டிசம்பர் 1 அன்று அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். லேக் ஆக்னஸ் தேநீர் விடுதியும் அக்டோபரில் அடைத்துவிடுவதால், சூடான பானத்தை நாமே சுமக்க வேண்டும்.

இந்தப் பருவத்துக்கு, விரிசல் கண்ட ஸ்பைக்குக்கு மாற்றாகப் புதிய ஜோடி வாங்கியிருக்கிறேன். ஸ்ப்ரேயின் காலாவதி தேதியும் நெருங்கிவிட்டதால் அதையும் மாற்றியாயிற்று. பழைய குப்பியை, காற்றில்லாத ஒரு காலையில், ஆளில்லாத திறந்தவெளியில் ஒரே மூச்சில் அழுத்திக் காலி செய்தேன். ஏழு நொடிகளில் தீர்ந்துவிட்டது.