இலையுதிர் காலமா, வசந்தமா? பூண்டு நட எது நல்ல பருவம்

வீட்டுத் தோட்டத்தில் பூண்டு போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ரகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் அதை இரண்டாவது இடத்தில் வைப்பேன். அறுவடையில் கைக்கு வரும் பூண்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை, எப்போது ஊன்றினோம் என்பதுதான் பெருமளவு முடிவு செய்கிறது. குளிர்காலம் என்று ஒன்று உள்ள எந்த இடமானாலும் இலையுதிர் காலத்தில் நடுவதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. ஏன் மேல் என்பது புரிந்துவிட்டால் ரகம், விதை, பாத்தி, மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல், சருகு) ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதும் சுலபமாகிவிடும்.

இலையுதிர் நடவும் வசந்த நடவும்

பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. கடும் குளிர்காலமும் வறண்ட வெயில் காலமும் மாறி மாறி வரும் நிலம் அது. அந்தப் பருவ ஓட்டத்துக்குப் பழகிய செடி இரண்டு விஷயங்களுக்காகக் காத்திருக்கும். முதலில் குளிர். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, 5 டிகிரியை ஒட்டி, ஆறு முதல் எட்டு வாரமாவது குளிர் பட்டால்தான் பூண்டு பல் பல்லாகப் பிரியும். அடுத்தது பகல் நீளம். பகல் நீண்டு வெப்பமும் ஏறியதும் செடி புது இலை விடுவதை நிறுத்திவிட்டு, இருப்பதையெல்லாம் கீழே சேர்த்துக் கட்டிப் பூண்டாக்கத் தொடங்கும்.

நீங்கள் எப்போது நட்டீர்கள் என்று பகல் நீளத்துக்குத் தெரியாது. அக்டோபரில் ஊன்றிய பல்லுக்கும் ஏப்ரலில் ஊன்றிய பல்லுக்கும் 'இனி இலை போதும்' என்ற செய்தி ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்து சேர்கிறது. அதற்குள் யாரிடம் அதிக இலை இருக்கிறதோ அதுவே பெரிய பூண்டு. இலையுதிர் காலத்தில் நட்டது குளிருக்கு முன்பே வேர் பிடித்து, பனி விலகிய மறுவாரமே இலை விட ஆரம்பித்துவிடும். வசந்தத்தில் நட்டது அப்போதுதான் வேர் விட்டுக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியை எந்த உரத்தாலும் பிறகு ஈடுகட்ட முடியாது.

சந்தேகம் இருந்தால் ஊன்றி மூன்று, நான்கு வாரம் கழித்து ஒரு பல்லை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். மேலே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மண்ணில் பச்சை தெரியாது. கீழே பல்லின் அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று தடித்த வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும். ஊன்றிய பல்லைவிட வேர் நீளமாக இருப்பதும் உண்டு. வசந்த நடவு இழப்பது இதைத்தான்.

சரி, வசந்தத்தில் நடவே கூடாதா? நடலாம். நிலம் கொத்த வந்த முதல் நாளே நட வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலும் அளவில் தெரியும். அறுவடையும் சில வாரம் பிந்தும். போதிய குளிர் படாத பல் பிரியாமல் வெங்காயம் போல ஒற்றைப் பூண்டாக நின்றுவிடும். அதைத் தாராளமாகச் சமைக்கலாம், அல்லது எடுத்து வைத்து வரும் இலையுதிர் காலத்தில் ஊன்றினால் முழுப் பூண்டாகப் பிரியும். அதனால் வசந்த நடவு வீண் என்று சொல்ல மாட்டேன். இலையுதிர் காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு, அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் களிமண் நிலத்தில் மட்டும், பல் அழுகுவதைத் தவிர்க்க வசந்தமே பாதுகாப்பு.

இலையுதிர் காலத்துக்குள்ளேயும் முந்தியும் பிந்தியும் நடுவதில் வித்தியாசம் இருக்கிறது. மண் சூடாக இருக்கும்போதே ஊன்றினால் பல் உறக்கம் கலையாமல் கிடக்கும், அழுகவும் வாய்ப்புண்டு. கிளம்பிவிட்டாலோ இலை அதிகமாக வளர்ந்து உறைபனியில் கருகும். நிலம் உறையப் போகும் நேரத்தில் நட்டால் வேர் பிடிக்காது. நிலம் உறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு என்பது நல்ல கணக்கு. வட கோளத்தில் இது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை எங்காவது விழும். தென் கோளத்தில் ஏப்ரல், மே. கையளவு பச்சை முளைத்த பிறகு குளிர் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், சிறு இலை தாக்குப்பிடிக்கும்.

குளிர்காலமே இல்லாத இடத்தில்: ஃபிரிட்ஜ்

வெப்பப் பகுதித் தோட்டக்காரர்களுக்கு இயற்கைக் குளிருக்கு மாற்றாக ஃபிரிட்ஜ்தான் உண்டு. முழுப் பூண்டாகவே காற்றோட்டமான பையில் போட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் வைத்து, எடுத்ததும் பிரித்து, ஆண்டின் குளிர்ந்த மாதங்களின் தொடக்கத்தில் ஊன்ற வேண்டும். எடுத்து வெளியே பல நாள் வைத்துவிட்டால் பட்ட குளிரின் பலன் குறைந்துபோகும். அதிக நாள் ஃபிரிட்ஜில் கிடந்தாலும் நல்லதில்லை: பக்கத் தளிர்கள் கிளம்பி, பூண்டு கோணல்மாணலாக வரும். மண்ணின் குளிருக்கு இது முழு ஈடாகாது. ஆனால் குளிரே படாமல் நடுவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை.

ஹார்ட்நெக், சாஃப்ட்நெக்

இப்போது ரகம். ஹார்ட்நெக் பூண்டின் நடுவில் கெட்டியான பூத்தண்டு இருக்கும். அதைச் சுற்றி ஒரே வட்டமாகப் பற்கள். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது, தோல் சட்டென்று உரியும். சாஃப்ட்நெக்கில் அந்தத் தண்டு கிடையாது. பற்கள் அடுக்கடுக்காக, வெளியே பெரிதும் உள்ளே பொடியுமாக, பத்திலிருந்து இருபது வரைகூட இருக்கும். பொடிப் பற்களை உரிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

கடுங்குளிருக்கு ஹார்ட்நெக், மிதமான குளிருக்கு சாஃப்ட்நெக் என்பது பொது விதி. இந்த விதி நம்பத் தகுந்ததுதான், ஏனென்றால் ஹார்ட்நெக்குக்குக் குளிர் கட்டாயம். குளிர் போதாத இடத்தில் ஹார்ட்நெக் போட்டால் ஒற்றைப் பூண்டுதான் மிஞ்சும். எதிர்த்திசையில் விதி அவ்வளவு கறாரில்லை. சாஃப்ட்நெக் பல வகைகள் நல்ல மூடாக்குக்கு அடியில் கணிசமான குளிரையும் கடந்துவிடும்.

வைத்துச் சாப்பிடும் காலத்தில் நிலைமை தலைகீழ். ஹார்ட்நெக்கிலேயே சுவைக்குப் பேர்போன ராக்கம்போல் வகை நான்கைந்து மாதத்தில் சுருங்கவும் முளைக்கவும் தொடங்கும். போர்சிலேன் வகை இன்னும் கொஞ்சம் தாங்கும். நான்கிலிருந்து ஆறு பற்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். சாஃப்ட்நெக்கில் ஆர்டிசோக் வகை எட்டு மாதம் போல நிற்கும், சில்வர்ஸ்கின் அதையும் தாண்டும். தண்டு மெத்தென்று இருப்பதால் சடை பின்னித் தொங்கவிடவும் சாஃப்ட்நெக்தான் தோது.

ஹார்ட்நெக்கில் ஒரு கூடுதல் விளைச்சலும் ஒரு கூடுதல் வேலையும் உண்டு. கோடை தொடங்கும்போது பூத்தண்டு எழுந்து, சுருண்டு ஒரு வளையம் போடும். அந்தச் சமயத்தில் ஒடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சத்தில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும், கீழே பூண்டு கண்ணுக்குத் தெரிகிற அளவு சிறுக்கும். ஒடித்த தண்டு இளசாக இருக்கும், மணமும் இருக்கும். அப்படியே சமையலுக்குப் போகலாம். இடம் கொஞ்சமாக இருந்து ஒன்றைத்தான் போட முடியும் என்றால், குளிர் நன்றாகப் பிடிக்கும் தோட்டத்தில் நான் போர்சிலேனுக்கே இடம் தருவேன். சமையலறைக்கு ஆண்டு முழுவதும் வீட்டுப் பூண்டு வேண்டும் என்பவர்கள் பாத்தியைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஹார்ட்நெக்கை முதலில் தீர்த்துவிட்டு சாஃப்ட்நெக்குக்குப் போகலாம். யானைப் பூண்டு என்று விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பூண்டே இல்லை, லீக் என்ற வெங்காய இனச் செடியின் நெருங்கிய உறவு, மணமும் மிதம்.

விதைப் பூண்டு, சமையலறைப் பூண்டு

நடுவதற்கென்றே விற்கும் விதைப் பூண்டின் விலையைப் பார்த்ததும் வீட்டுக் கூடையிலிருக்கும் பூண்டையே ஊன்றினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அதுவும் முளைக்கும், பல நேரம் நன்றாகவே முளைக்கும். ஆனால் சாப்பாட்டுக்கு விற்கும் பூண்டு முளைக்காமல் இருக்க மருந்தோ கதிர்வீச்சோ பட்டிருக்கலாம். எங்கிருந்தோ வந்திருக்கும், உங்கள் குளிருக்குப் பழகாத ரகமாக இருக்கலாம். இவை இரண்டையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், போனால் ஒரு பருவம்தான் போகும்.

பொறுக்க முடியாதது நோய். பூண்டு விதையிலிருந்து வளர்வதில்லை, பல்லிலிருந்து பல்லாகவே பெருகுகிறது. அதனால் தாய்ப் பூண்டில் இருக்கும் வைரஸும் நூற்புழுவும் பூஞ்சையும் அப்படியே உங்கள் பாத்திக்கு வந்து சேரும். வெள்ளை அழுகல் நோயின் பூஞ்சை, கசகசா அளவில் கருப்பு உருண்டைகளாக மண்ணில் தங்கி, இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பக்கத்தில் வெங்காயம், பூண்டு எதன் வேர் வந்தாலும் அதன் மணம் பட்டு விழித்துக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு ஒழுங்கான மருந்து கிடையாது. அந்த மண்ணில் பூண்டு வகையறாவையே மறந்துவிட வேண்டியதுதான். கொஞ்சம் காசு மிச்சமாகிறது என்று இந்த ஆபத்தை நிலத்துக்குள் கொண்டுவருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தொட்டியில் பச்சை இலைக்காக மட்டும் வளர்க்க வேண்டுமானால் சமையலறைப் பூண்டு போதும். முடிந்ததும் அந்த மண்ணைப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஓரிரண்டு பூத்தண்டுகளை ஒடிக்காமல் விட்டால் உச்சியில் குட்டிப் பற்கள் கொத்தாகக் காய்க்கும். அவை மண்ணைத் தொடாதவை, அதனால் மண்வழி நோய் பெரும்பாலும் அவற்றோடு வருவதில்லை. ஊன்றினால் முதல் ஆண்டு ஒற்றைப் பூண்டு, பிறகு இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டில் முழுப் பூண்டு. விதையைப் புதுப்பிக்க நல்ல வழி, பொறுமை உள்ளவர்களுக்கு.

எந்த வழியானாலும் முழுப் பூண்டை நடும் நாளன்றோ முந்தைய நாளோதான் பிரிக்க வேண்டும். முன்கூட்டிப் பிரித்தால் வேர் வரும் அடிப்பகுதி காய்ந்துபோகும். தோலை உரிக்கக் கூடாது. பெரிய பற்களை ஊன்றிவிட்டுப் பொடிப் பற்களைச் சமையலுக்கு அனுப்புங்கள். பெரிய பல்லே பெரிய பூண்டு தரும். மனசு வராதுதான், நல்லதைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை நடவே கை போகும்.

பாத்தி

சமதரையா மேட்டுப்பாத்தியா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கினால் மேட்டுப்பாத்தி, வடிந்துவிட்டால் தரையே போதும். மேட்டுப்பாத்தி வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும், ஆனால் கோடையில் சீக்கிரம் காயும். பூண்டு தடிக்கும் வாரங்களில் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். தொட்டி கடைசித் தேர்வு, ஏனென்றால் கடுங்குளிரில் அதன் மண் நாலா பக்கமிருந்தும் உறையும். பூண்டு, வெங்காயம் போட்ட இடத்துக்கு மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி கொடுங்கள்.

கூர்முனை மேலே, தட்டை அடி கீழே. பல்லுக்கு மேல் 5 சென்டிமீட்டர் மண் மிதமான குளிருக்குப் போதும், கடுங்குளிருக்கு 7 முதல் 10. பல்லுக்குப் பல் 10 முதல் 15 சென்டிமீட்டர். நெருக்கி நட்டால் எண்ணிக்கை கூடும், பூண்டு சிறுக்கும். நடும்போது மக்கிய உரம் கலந்தால் போதும். தழைச்சத்து தேவைப்படுவது வசந்தத்தில், இலை ஓடி வளரும் வாரங்களில். அடியில் தடிக்கத் தொடங்கிய பிறகு அதை நிறுத்திவிட வேண்டும்.

வைக்கோலா, இலைச் சருகா, ஒன்றுமே வேண்டாமா

உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும் இடத்தில் மண் உப்பி, பல்லை வேரோடு மேலே தள்ளிவிடும். 10 முதல் 15 சென்டிமீட்டர் வைக்கோல் இதைத் தடுக்கும், களையையும் அமுக்கும். பூண்டின் இலை ஒல்லி, மண்ணுக்கு நிழல் தராது. களையோடு போட்டிபோட அதனால் ஆகாது என்பதால் இந்த இரண்டாவது லாபம் சின்னதில்லை. இலைச் சருகு காசில்லாமல் கிடைக்கும்தான். ஆனால் அகலமான சருகு நனைந்து தகடுபோல் ஒட்டிக்கொண்டால் வசந்தத்தில் முளை முட்டி மோதி வளைந்துவிடும். நொறுக்கிப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. குளிர் மிதமாகவும் மழை அதிகமாகவும் உள்ள இடத்தில் மூடாக்கு மண்ணை நசநசவென்று வைத்திருக்கும், நத்தைகளும் குடியேறும்; அங்கே மெல்லிய அடுக்கு போதும், இல்லாமலே விட்டாலும் சரி.

முன்னால் பிடுங்குவதா, காத்திருப்பதா

மேலே உள்ள ஒவ்வொரு இலையும் கீழே பூண்டைச் சுற்றிய ஒரு தோல். எல்லா இலையும் காயும்வரை காத்திருந்தால் எல்லாத் தோலும் மக்கி, பற்கள் விரிந்து, மண் உள்ளே போய்விடும். அவசரப்பட்டால் பல் தடித்திருக்காது. கீழ் இலைகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை காய்ந்ததும் ஒன்றைத் தோண்டிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலுக்குள் இடம் விடாமல் நிறைந்திருந்தால் மற்றதையும் எடுக்கலாம். தண்டைப் பிடித்து இழுக்காமல் முள்கரண்டிக் கொத்தால் கிளப்பி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் உலர்த்துங்கள். அடுத்த நடவுக்கு எடுத்து வைப்பதை, வெப்பப் பகுதியில் நடவுக்கு முந்தைய அந்த ஆறு, எட்டு வாரம் தவிர, சாதாரண அறை வெப்பத்தில் வைப்பதே நல்லது, ஃபிரிட்ஜ் குளிரில் அது காலத்துக்கு முன்பே முளைவிடும்.