பறக்காத விமானத்துக்குக் கட்டிய பணம்: சார்ஜ்பேக், 75-ஆம் பிரிவு, காப்பீடு பற்றிய ஒரு மதிப்பீடு

பிரித்தானியாவில் இயங்கிய சிறிய பிராந்திய விமான நிறுவனம் ஒன்று ஒரே இரவில் மூடப்பட்டபோது, என்னிடம் அதன் பயணச்சீட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று, டெபிட் கார்டில் 78 பவுண்டு கொடுத்து வாங்கிய ஒருவழிச் சீட்டு. மற்றொன்று, கிரெடிட் கார்டில் 164 பவுண்டுக்கு எடுத்த இருவழிச் சீட்டு. அந்த நிறுவனத்தின் இருக்கையையோ உபசரிப்பையோ இங்கே மதிப்பிடப் போவதில்லை. அவற்றில் குறை சொல்லும்படி ஒன்றும் இருந்ததில்லை. நிறுவனம் மறைந்த பிறகு பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லப்படும் ஏற்பாடுகள் நடைமுறையில் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

பயணச்சீட்டுக்காக நாம் பல மாதங்களுக்கு முன்பே கட்டும் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனத்துக்கு இல்லை. அது எரிபொருளுக்கும் விமான வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் அன்றன்றே செலவாகிவிடுகிறது. திவால் நிர்வாகி பொறுப்பேற்கும் நாளில், பயணி ஈடு எதுவும் வாங்காமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில், கடைசிக்கு அருகில் நிற்கிறார். சுற்றுலாத் தொகுப்பாக வாங்குவோருக்கு ஏடோல் என்ற பாதுகாப்பு உண்டு; தலைக்கு 2.50 பவுண்டு வீதம் திரளும் நிதியிலிருந்து அவர்களுடைய பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பிராந்திய விமானத்தில் செல்பவர்களில் பெரும்பாலோர், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கையை மட்டும் வாங்குபவர்கள். அவர்களுக்கு ஏடோல் பயன்படுவதில்லை. 2017 அக்டோபரில் மோனார்க் விமான நிறுவனம் மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் சிக்கியிருந்த ஏறத்தாழ 1,10,000 பேரை, ஏடோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு ஏற்பாட்டில் அழைத்து வந்தார்கள். 2020 மார்ச் 5 அன்று ஃபிளைபி என்ற பிராந்திய விமான நிறுவனம் மூடப்பட்டபோதோ, விமான நிலையத்துக்கு வர வேண்டாம், மாற்று வழியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. ஆகவே இருக்கையை மட்டும் வாங்கியவருக்கு உண்மையான பாதுகாப்பு அவர் கையிலிருக்கும் அட்டைதான்.

முதலில் சார்ஜ்பேக். இது சட்டம் அன்று. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலைப்பின்னல்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதி. வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்று நாம் சொன்னால், நம் வங்கி அந்தத் தொகையை விற்பனையாளரின் வங்கியிடமிருந்து திரும்பக் கேட்கும். விற்பனையாளர் திவாலாகியிருந்தால் நட்டத்தை அந்த வங்கியே சுமக்கிறது. இதனால்தான் ஒரு விமான நிறுவனம் தள்ளாடுகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அதன் அட்டை வசூலைக் கையாளும் வங்கிகள் டிக்கெட் பணத்தை உடனே விடுவிக்காமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பயணியைக் காக்கும் அந்தக் கை, தள்ளாடும் நிறுவனத்தின் கழுத்தையும் சேர்த்தே இறுக்குகிறது என்பது இந்த ஏற்பாட்டின் விசித்திரம். என் 78 பவுண்டைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பதிவு உறுதி மின்னஞ்சலையும் நிறுவனம் மூடப்பட்டதற்கான அறிவிப்பையும் இணைத்து வங்கியின் செயலி வழியாக விண்ணப்பித்தேன். மூன்று வாரங்களில் தொகை கணக்குக்கு வந்தது. வழக்கமாக 120 நாட்கள் என்ற கால வரம்பு உண்டு என்பதால், நிர்வாகியின் கடிதத்துக்காகக் காத்திருந்து நாளைக் கடத்துவது நல்லதன்று. கிடைப்பது பயணச்சீட்டின் விலை மட்டுமே. மாற்றுப் பயணத்துக்கு ஆன கூடுதல் செலவு இதில் வராது.

1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இதைவிட வலிமையானது. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால், விற்றவரின் ஒப்பந்த மீறலுக்கு அட்டை கொடுத்த நிறுவனமும் சமமான பொறுப்பாளி. முழுத் தொகையையும் அட்டையில் கட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முன்பணம் மட்டும் அட்டையில் போயிருந்தாலும் முழு விலைக்கும் பாதுகாப்பு உண்டு. மீறலால் நேர்ந்த மற்ற இழப்புகளையும் கேட்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். நான் கேட்டேன். வங்கியோ, விண்ணப்பத்தில் 75-ஆம் பிரிவு என்று தெளிவாக எழுதியிருந்தும் அதைச் சார்ஜ்பேக்காகவே எடுத்துக்கொண்டு, 164 பவுண்டைத் திருப்பித் தந்து கோப்பை மூடிவிட்டது. மாற்று விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 71 பவுண்டைப் பெற, முறையான புகாராக மீண்டும் எழுத வேண்டியிருந்தது. நிதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிட எனக்குள்ள உரிமையைக் கடிதத்தில் குறிப்பிட்ட பிறகே அந்தத் தொகை வந்தது. சட்டத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அதை நடைமுறைப்படுத்தும் வாடிக்கையாளர் சேவைக்குப் பாதிதான் கொடுக்க மனம் வருகிறது.

இதில் உள்ள முரணையும் சொல்ல வேண்டும். பிராந்திய விமானங்களின் ஒருவழிக் கட்டணம் பெரும்பாலும் 100 பவுண்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அடிக்கடி மூழ்கும் நிறுவனங்களின் சீட்டுகளே இந்தச் சட்டத்தின் வாசலில் விலை குறைவு என்ற காரணத்தால் நின்றுவிடுகின்றன. மலிவாகத் தெரியும் இரண்டு ஒருவழிச் சீட்டுகளைத் தனித்தனியாக வாங்குபவர், சில பவுண்டு மிச்சப்படுத்தி அதற்கு ஈடாக 75-ஆம் பிரிவையே விட்டுக்கொடுக்கிறார். இடைத்தரகு இணையதளம் வழியாக வாங்கினாலும் சிக்கல்தான்: பணம் தரகருக்குப் போயிருந்தால், அட்டை நிறுவனம், பயணி, விமான நிறுவனம் என்ற நேரடிச் சங்கிலி அறுந்துவிட்டதாக வங்கி வாதிடும்.

பயணக் காப்பீட்டுக்கு நான் தரும் மதிப்பெண் மிகக் குறைவு. விமான நிறுவனம் திவாலாவதற்கான காப்பு எல்லாப் பத்திரங்களிலும் இருப்பதில்லை. அதைத் தனிப் பிரிவாகத் தேடிப் பார்க்க வேண்டும். இருக்கும் பத்திரங்களிலும், ஒரு நிறுவனத்தின் நிலை மோசம் என்று வெளியே தெரிந்ததும் அதன் பெயர் விலக்குப் பட்டியலில் ஏறிவிடக்கூடும். மழை இருட்டுகிறது என்றதும் குடையைத் திருப்பிக் கேட்பது போன்றது இது.

இனி மாற்று விமானங்கள். இந்தத் துறையில் வழித்தடங்கள் அநாதையாவதும் தத்தெடுக்கப்படுவதும் வியப்பூட்டும் வேகத்தில் நடக்கின்றன. 2019 பிப்ரவரியில் ஃபிளைபிஎம்ஐ என்ற நிறுவனம் நின்றபோது, வட அயர்லாந்தின் டெரியிலிருந்து லண்டனுக்கான தடத்தை ஸ்காட்லாந்தின் லோகன்ஏர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஃபிளைபி விழுந்த அன்றே அதன் 16 தடங்களில் பறக்கப் போவதாக அறிவித்ததும் லோகன்ஏர்தான். 2025 அக்டோபர் இறுதியில் ஈஸ்டர்ன் ஏர்வேஸ் நின்றது. அடுத்த சில வாரங்களில், நவம்பரில், ஜெர்சித் தீவின் புளூ ஐலண்ட்ஸும் நின்றது. ஜெர்சி உள்ளிட்ட கால்வாய்த் தீவுகளுக்கு லோகன்ஏரும் ஆரிக்னியும் முன்வந்தன. கார்ன்வாலின் நியூகேயிலிருந்து லண்டன் கேட்விக்குக்கான தடத்துக்கு ஸ்கைபஸ் நிறுவனம் வந்தது. இவற்றில் ஈஸ்டர்ன் ஏர்வேஸும் புளூ ஐலண்ட்ஸும் ஒரு காலத்தில் ஃபிளைபியின் பெயரில் பறந்தவை என்பதைப் பார்த்தால், சிறிய விமானம், குறைந்த பயணிகள், டாலரில் செலவு, பவுண்டில் வரவு என்ற பழைய கணக்கு யார் பெயரில் எழுதினாலும் மாறுவதில்லை என்று புரிகிறது.

வேகத்துக்காக இவர்களைப் பாராட்டலாம். ஆனால் புதிய நிறுவனம் எடுத்துக்கொள்வது தடத்தைத்தானே தவிர, பழைய நிறுவனம் விற்ற சீட்டுகளை அல்ல. அரசு மானியம் பெறும் பொதுச்சேவைத் தடங்களிலும், மானியம் ஊருக்கும் தலைநகருக்கும் இடையிலான தொடர்பைத்தான் காக்கிறது. சீட்டு வைத்திருப்பவரை அல்ல. 'மீட்புக் கட்டணம்' என்று அறிவிக்கப்படும் சலுகை விலையும் மீண்டும் ஒருமுறை நம் சட்டைப் பையிலிருந்தே போகிறது. பழைய முன்பதிவு எண்ணைக் காட்டினால்தான் அது கிடைக்கும் என்பதால் மின்னஞ்சலை அழித்துவிடக் கூடாது. பயணம் முடிந்த பிறகு, அந்தக் கட்டணத்துக்கான ரசீதே 75-ஆம் பிரிவுக் கோரிக்கைக்கான சான்றாகவும் ஆகிறது.

பயணிக்கு 50 பென்ஸுக்கும் குறைவான கட்டணத்தில், வெளிநாட்டில் சிக்கிக்கொள்ளும் பிரித்தானியப் பயணிகளை ஊருக்கு அழைத்து வரும் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை, பீட்டர் பக்ஸ் தலைமையிலான ஆய்வு 2019 மே மாதத்தில் அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்தத் திட்டம் நடைமுறைக்கு வராததால், மேலே சொன்ன ஒட்டுப்போட்ட ஏற்பாடுகளையே பயணி நம்ப வேண்டியிருக்கிறது. என் தடத்தை எடுத்துக்கொண்ட நிறுவனத்தில் அண்மையில் மீண்டும் முன்பதிவு செய்தேன்: தரகர் இல்லாமல், போக வர ஒரே சீட்டாக, 118 பவுண்டுக்கு, கிரெடிட் கார்டில். தனித்தனியாக வாங்கியிருந்தால் 9 பவுண்டு குறைந்திருக்கும்.