ஹூஸ்டனிலிருந்து ஆர்.வி.யில் போக ஐந்து ஸ்டேட் பார்க்குகள்: எது எதற்குச் சரி

டெக்சஸின் ஹூஸ்டனைச் சுற்றி ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிப்பறை வசதியுள்ள பயண வண்டி) முகாம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் பிரேசோஸ் பெண்ட். அழகில் அதை மிஞ்ச இந்த வட்டாரத்தில் வேறு பூங்கா இல்லை. ஆனாலும் முதல் முறை வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை அது அல்ல. மேற்கே ஐ-10 நெடுஞ்சாலை வழியில் சுமார் 50 மைலில், சான் ஃபெலிப்பேயில் இருக்கும் ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் ஸ்டேட் பார்க்தான். அங்கே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் நிறுத்துமிடத்திலேயே கிடைக்கும் ஃபுல் ஹூக்கப் இடங்கள் உண்டு. புதிதாக ஆர்.வி. எடுப்பவர்கள் தடுமாறுவது வண்டி ஓட்டுவதில் இல்லை, டேங்க்கில்தான். கழிவை எங்கே, எப்போது கொட்டுவது என்ற கவலை இல்லாமல் இரண்டு இரவு கழிந்தால், அடுத்த முறை எந்தப் பூங்காவுக்கும் துணிந்து போகலாம்.

ஃபுல் ஹூக்கப்பிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. குழாயை மாட்டிய கையோடு பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவு சேரும் டேங்க்) வால்வையும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மட்டும் வடிந்துபோய், திடக்கழிவு டாய்லெட்டுக்குக் கீழே கெட்டியாகக் குவிந்துவிடும். பிறகு அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு. வால்வு மூடியே இருக்கட்டும். டேங்க் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு பிளாக்கை முதலில் திறந்து முழுவதும் விடுங்கள், அடுத்து கிரே, அதாவது சிங்க், குளியல் தண்ணீர் சேரும் டேங்க். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் குழாயையும் அலசிக்கொண்டு போகும். முடிந்ததும் பிளாக் டேங்க்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் ஊற்றி மூடுங்கள்.

மின்சாரக் கணக்கையும் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட்; அவ்வளவுதான். கூரையில் உள்ள 13,500 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. ஒன்றே ஓடும்போது ஏறக்குறைய 12 முதல் 15 ஆம்ப் இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் மின்சார வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். இரண்டு ஏ.சி. உள்ள பெரிய வண்டிக்கு 50 ஆம்ப் இடம்தான் சரி. அது இரட்டை லைன் என்பதால் 12,000 வாட் வரை தாங்கும். ஆகஸ்ட் மாலையில் வேறொரு சிக்கலும் உண்டு. எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்ப் இழுத்துச் சூடாகும். குறைந்த வோல்டேஜில் தானே துண்டிக்கும் இ.எம்.எஸ். கருவி வாங்குங்கள். திடீரென ஏறும் வோல்டேஜை மட்டும் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பான் இதைச் செய்யாது. வண்டிக்கு மின்சாரம் மாட்டும்போது நிறுத்துமிடத்தின் மின் கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கைச் செருகி, பிறகே போட வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்காதீர்கள். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரையான அழுத்தமே வண்டிக்குள் இருக்கும் குழாய்களுக்குப் போதும். இணைப்புகள் பெரும்பாலும் வண்டியின் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம் பின்புறம் இருக்கும். கம்பம் தள்ளி இருந்தால் ஒரு 25 அடி ஹோஸ் போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஹோஸ் தனியாகவே இருக்க வேண்டும், டேங்க் அலச வேறொன்று. டம்ப் ஸ்டேஷனில் (டேங்க் கழிவைக் கொட்டும் பொது இடம்) இருக்கும் அலசும் குழாய்த் தண்ணீரைக் குடிநீர் டேங்க்கில் பிடிக்கவே கூடாது.

பிரேசோஸ் பெண்ட் நகரின் தென்மேற்கில், நீட்வில்லுக்கு அருகே, டவுன்டவுனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். எல்ம் லேக், ‘40 ஏக்கர் லேக்’ என்ற இரண்டு ஏரிகளின் கரைகளில் நடக்கும்போது அலிகேட்டர் முதலைகள் பாதை ஓரத்திலேயே வெயில் காயும். குறைந்தது 30 அடி தள்ளி நில்லுங்கள். பாதையிலேயே கிடந்தால் சுற்றிப் போக முயலாமல் திரும்பிவிடுங்கள். நாயை 6 அடிக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், தண்ணீர் ஓரம் விடவே கூடாது. சனிக்கிழமை இரவுகளில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஜார்ஜ் வானாய்வகத்தில் 36 அங்குலத் தொலைநோக்கி வழியாக வானம் பார்க்கலாம். அதை நடத்துவது ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், டிக்கெட் தனி. இந்தப் பூங்காவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவதே நல்லது. கோடையில் கொசுவும் புழுக்கமும் தாங்காது. கனமழைக்குப் பிறகு பிரேசோஸ் ஆறு பெருகினால் பூங்கா மூடப்படும். 2016-லும் 2017 ஹார்வி புயலின்போதும் அப்படித்தான் ஆனது. ஆகவே மழை வாரமென்றால் கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஹன்ட்ஸ்வில் ஸ்டேட் பார்க் ஐ-45 வடக்கில், 109-ஆம் எக்ஸிட். உயரமான பைன் மரங்களும் நடுவே ரேவன் ஏரியும். ஃபுல் ஹூக்கப்பும் உண்டு. கோடையில் நிழலுக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பைன் பிசின் கூரையிலும் ஆனிங்கிலும் (வண்டிப் பக்கத்தில் விரிக்கும் நிழற்கூரை) ஒட்டும்; காயும் முன் துடைக்காவிட்டால் போகாது. பின்னோக்கி எடுக்கும்போது கிளைகள் ஏ.சி. மூடியில் இடிக்காமல் பார்க்க ஒருவர் கீழே இறங்கி நிற்க வேண்டும். மீன் பிடிக்கவும் படகு ஓட்டவும் பெரிய நீர்ப்பரப்பு வேண்டுமென்றால் லேக் லிவிங்ஸ்டன் ஸ்டேட் பார்க். அங்கும் ஃபுல் ஹூக்கப் இருக்கிறது.

கால்வெஸ்டன் ஐலண்ட் ஸ்டேட் பார்க்கில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் விரிகுடா. கடற்கரைப் பகுதியைப் புதுப்பித்து 2022-ல் மறுபடி திறந்தார்கள். மரமே கிடையாது, காற்று ஓயாது. ஆனிங்கை விரித்து வைத்துவிட்டுக் கடலுக்குப் போனால் திரும்பும்போது கம்பி வளைந்திருக்கும். உப்புக் காற்று அடிச்சட்டத்தையும் மின் இணைப்பு முனைகளையும் அரிக்கும். வீடு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே திறக்கும். மார்ச் விடுமுறைக்கும் வசந்த கால வார இறுதிகளுக்கும் அந்த நாளிலேயே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது அரிது. ஞாயிறு முதல் வியாழன் வரை எளிதாகக் கிடைக்கும். பதியும் பக்கத்தில் ‘ஃபுல் ஹூக்கப்’ என்கிறதா, ‘எலக்ட்ரிசிட்டி’ என்று மட்டும் சொல்கிறதா என்று படியுங்கள். இரண்டாவது என்றால் கழிவுநீர்க் குழாய் இல்லை. நிறுத்துமிடத்தின் நீளத்தையும் வண்டியின் முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். இரவுக் கட்டணத்தோடு ஆளுக்கு நுழைவுக் கட்டணமும் தினமும் உண்டு. பிரேசோஸ் பெண்டில் அது பெரியவர்களுக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். நான்கு பெரியவர்கள் மூன்று நாள் நுழைந்தால் 84 டாலர். 70 டாலர் ஆண்டுப் பாஸ் ஒரே வண்டியில் வரும் எல்லோரையும் உள்ளே விடும் என்பதால் அதை வாங்கிவிடுவதே லாபம்.

பூங்காவுக்குள் விறகு பொறுக்க அனுமதி இல்லை, கடையில் வாங்குங்கள். கவுன்டியில் தீத்தடை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பொது இடத்தில் மது அருந்தத் தடை. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம்.

இடம் மதியம் 2 மணிக்குக் கையில் வரும், கிளம்பும் நாளில் பகல் 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். கழிவுநீர் இணைப்பில்லாத இடம் என்றால் ஞாயிறு 10 மணிக்குள் டம்ப் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். 11 மணிக்கு மேல் வரிசை நீளும். குழாயை அலசி, மூடி போட்டு, படிக்கட்டையும் ஆன்டெனாவையும் மடக்கி, கேஸ் வால்வை அடைத்த பிறகு கடைசியாக எடுக்க வேண்டியது சக்கரக் கட்டை.