அபிஸ்கோவுக்குப் போவது மார்ச்சிலா, ஜூலையிலா?

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது அபிஸ்கோ. 1909இல் ஐரோப்பாவிலேயே முதன்முதலாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு முறைதான் போக முடியும் என்றால் எந்த மாதம்?

ஜூலை என்றால் நடைதான். அரசர் பாதை எனப்படும் குங்ஸ்லேடன் இங்கே தொடங்கி ஹெமாவன் வரை சுமார் 440 கிலோமீட்டர் நீள்கிறது. முழுவதும் நடக்க வேண்டாம். பிர்ச் மரக்காட்டின் வழியே முதல் 15 கிலோமீட்டர் நடந்து, அபிஸ்கோயாவ்ரே ஏரிக்கரைக் குடிலில் தங்கினாலே மனம் நிறைந்துவிடும். மாதத்தின் நடுப்பகுதி வரை சூரியன் மறைவதில்லை, அதனால் இருட்டிவிடுமோ என்ற பயமே இல்லை. கொசுத்தொல்லை மட்டும் உண்டு. தலைக்கு வலை அவசியம்.

மார்ச்சில் அதே பாதையில் பனிச்சறுக்கிக் கொண்டு போகலாம். 70 கிலோமீட்டர் நீளமுள்ள டோர்னெட்ரெஸ்க் ஏரி உறைந்து வெள்ளைவெளேர் என்று கிடக்கும். அப்புறம், இரவில் துருவ ஒளி! மேற்கு மலைகள் ஈரக்காற்றைத் தடுத்துவிடுவதால் இங்கே மேகம் குறைவு; பச்சை ஒளி வானில் நெளிவதைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஜூலையின் வெளிச்ச வானத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

பலர் டிசம்பரில் கிளம்புகிறார்கள். அப்போது சூரியனே உதிக்காது. மார்ச்சிலோ பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பகலில் சறுக்கு, இரவில் ஒளி என இரண்டும் கிடைக்கும். குளிர் கடுமைதான், ஆனாலும் நான் மார்ச்சையே சொல்வேன். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் ஜூலை.