ஹெவி லைசென்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பரமத்தி வேலூரிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஆறு வருடமாகச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். பத்துச் சக்கர லாரிக்கு மாறினால் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்று சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் 16,500 ரூபாய் கட்டினேன். லைசென்ஸ் வந்துவிட்டது. லாரி ஓட்டத்தான் யாரும் கற்றுத் தரவில்லை.

அந்தப் பள்ளிக்காரர் முதல் நாள் பேசிய பேச்சிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது தம்பி, கார் லைசென்ஸ் இருந்தாலே லோடு வண்டி ஓட்டலாம். இனி ஹெவி டெஸ்ட் எல்லாம் பேருக்குத்தான்" என்றார். அது பொய். 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு கொடுத்த தீர்ப்பு 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். அந்த எடைக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குத் தனியாக பேட்ஜ் (லைசென்ஸில் போக்குவரத்து வாகனம் ஓட்டத் தரும் அனுமதி) தேவையில்லை, அவ்வளவே. பெரிய லாரிக்குப் பழைய விதி அப்படியே நிற்கிறது. 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றும், பயிற்சிப் பள்ளி கொடுக்கும் படிவம் 5ம் வேண்டும்.

அந்தப் படிவம் 5ஐத்தான் இவர்கள் விலைக்கு விற்கிறார்கள். பயிற்சி முடித்தவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய சான்று அது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லாரிப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் மட்டும் குறைந்தது 15 மணி. யார் எத்தனை மணி ஓட்டினார் என்பதைப் படிவம் 15 என்ற பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நான் ஓட்டியது நான்கே நாள், நாளுக்கு இருபது நிமிடம். ஒரே லாரி, ஆறு பேர். சுமை கிடையாது, மேடு பள்ளம் இல்லாத நேர்ச் சாலை, மூன்றாம் கியரைத் தாண்டியதே இல்லை. பின்னால் எடுக்க ஒரு முறைகூட விடவில்லை. அதன் பிறகு எப்போது போனாலும், டீசல் இல்லை, வண்டி எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போயிருக்கிறது, மாஸ்டர் ஊரில் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம். லோடு வேலையை விட்டுவிட்டு எத்தனை காலை அங்கே போய் உட்கார்ந்திருந்தேன் என்று கணக்கே இல்லை.

இந்த இழுத்தடிப்பு சோம்பலால் வந்ததல்ல என்பது பின்னால்தான் புரிந்தது. எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். ஐந்தரை மாதம் ஆனதும் அவர்களே போன் செய்தார்கள்: "நாள் முடியப் போகிறது, இன்றே வந்து கையெழுத்துப் போடுங்கள். விட்டால் மறுபடியும் முதலிலிருந்து பணம் கட்ட வேண்டும்." போனேன். பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். முப்பது வரி, ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. மாட்டுப் பொங்கலன்று காலை நான் லாரி ஓட்டியதாக ஒரு வரி இருந்தது. அன்று நான் வீட்டில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வரிக்கு நேராகவும் கையெழுத்துப் போட்டேன். கட்டிய பணம் போய்விடுமே என்ற பயம். அது என் தவறு, மறைக்க விரும்பவில்லை.

தேர்வு நாளில் அவர்கள் லாரியிலேயே சிறிது தூரம் ஓட்டினேன், தேறிவிட்டேன்.

சங்ககிரியில் ஒரு லாரி உரிமையாளர் வேலைக்கு வரச் சொன்னார். ஓட்டிக் காட்டச் சொல்லி அவருடைய மூத்த ஓட்டுநர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன், கியர் போட்டேன், ஹேண்ட் பிரேக்கைத் தள்ளினேன். பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்தது. வண்டி நகரவில்லை. "காற்று ஏறாமல் எங்கே தம்பி கிளம்புகிறாய்?" என்று அவர் மீட்டரைக் காட்டினார். முள் அடியில் கிடந்தது. ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் காற்று நிறைந்தால்தான் பிரேக் விடும் என்பதுகூட எனக்குத் தெரியாது. பயிற்சி லாரியை எப்போதும் அவர்களே கிளப்பித் தயாராக வைத்திருப்பார்கள்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தருமபுரியிலிருந்து லோடோடு வருகிறாய். தொப்பூர் இறக்கத்தில் எந்தக் கியரில் இறங்குவாய்?" எனக்குப் பதில் வரவில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கி, பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் கார்களின் மேல் ஏறிய லாரிகளைப் பற்றி நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். சிறிய கியரில், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும் என்று அந்த அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். பதினெட்டு டன் சுமையோடு அந்த இறக்கத்தில் நான் தனியாக வந்திருந்தால்? இதை நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. எனக்கு முன்னால் ஏதோ ஒரு குடும்பம் காரில் போயிருக்கும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மத்திய விதிகளில் உள்ள கட்டணம் எல்.எல்.ஆருக்கு 150, தேர்வுக்கு 300, புதிய வகை சேர்க்க 500 ரூபாய். மிச்சமெல்லாம் பயிற்சிக்காக நான் கொடுத்தது. அதற்கு ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியின் பெயர்கூட அதில் இல்லை. பாதிப் பணத்தை யூபிஐயில் அனுப்பியிருந்ததால் அந்த அளவுக்காவது ஆதாரம் இருக்கிறது.

சேரப் போகிறவர்கள் முதலில் லாரியைக் காட்டச் சொல்லுங்கள். அலுவலகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை பேருக்கு அந்த ஒரு வண்டி என்று கேளுங்கள். அச்சடித்த ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். படிவம் 15இல் ஓட்டிய அன்றைக்கு அன்றே கையெழுத்துப் போடுங்கள். முப்பது நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் நீட்டினால் போடாதீர்கள். முக்கியமாக, எல்.எல்.ஆர். முடியும் தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் மாதத்திலேயே சண்டை போடுங்கள். ஐந்தாம் மாதம் சண்டை போட உங்களிடம் நாள் இருக்காது.

பள்ளியின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் போக்குவரத்துத் துறைக்கு அதிகாரம் உண்டு. பதிவேட்டில் இருந்த அந்த மாட்டுப் பொங்கல் வரியைக் குறிப்பிட்டே மனுக் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் மனு தயார். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இதே போல் ஏமாந்தவர்கள் இன்னும் நாளிருக்கும்போதே போய்விடுங்கள்.

அந்த மூத்த அண்ணன் என்னை விரட்டிவிடவில்லை. வாழைத்தார் லோடு இல்லாத நாட்களில் சங்ககிரிக்குப் போகிறேன். செட்டுக்குள் காலி லாரியைப் பின்னால் எடுத்துப் பழகுகிறேன், காற்று முள் ஏறும் வரை காத்திருந்து.