புரட்டாசிப் பட்டத்துக்கு விதை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மாடித்தோட்டத்துக்கு இணையத்தில் விதை வாங்கி ஏமாந்துவிட்டேன். போன பணம் 799 ரூபாய்தான். ஆனால் அதோடு ஒரு பட்டமே, அதாவது விதைக்கும் பருவமே, போய்விட்டது. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் கேரட், பீட்ரூட், காலிஃபிளவர் எல்லாம் மாடியில் ஒழுங்காக வருவது இந்த ஒரு பருவத்தில்தான். புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டால் மார்கழி, தைக் குளிரில் காய் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் மாசி வெயிலில் காலிஃபிளவர் பூ இறுகாமல் உதிரி உதிரியாக விரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் ஆவணியிலேயே பைகளில் மண் மாற்றித் தயாராகிவிடுவேன். இந்த முறை ஒரு வீடியோ விளம்பரத்தைப் பார்த்தேன். ‘குளிர்காலக் காம்போ, காய்கறியும் மூலிகையும் சேர்த்து 35 வகை, எல்லாமே நாட்டு விதை’ என்றார்கள். கேரட்டும் காலிஃபிளவரும் பார்ஸ்லி என்ற மேல்நாட்டு மூலிகையும் எப்படி நாட்டு விதை ஆகும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பி, யுபிஐயில் பணம் போட்டேன். பில் தரவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் பார்சல் வந்தது. சின்னச் சின்ன ஜிப் கவர்கள், ஒவ்வொன்றின் மேலும் காயின் பெயர் மட்டும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் குவியல் எண் இல்லை, எந்தத் தேதியில் பரிசோதித்தார்கள் என்று இல்லை, முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்றும் இல்லை. ஒழுங்கான விதைப் பொட்டலத்தில் இவை எல்லாம் அச்சாகியிருக்கும். 1966ஆம் வருட விதைச் சட்டம் இருப்பதே இதற்காகத்தான். தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம், கொத்தமல்லிக்கு 65, கேரட்டுக்கு 60 என்று முளைப்புக்கு அளவே இருக்கிறது.

வெண்டை, பீட்ரூட் கவர்களைப் பிரித்தபோது விதைகள் ரோஸ் நிறத்தில் இருந்தன. என் மகள் கையில் கொட்டிப் பார்த்தாள், விரலெல்லாம் சாயம். பூஞ்சாண மருந்து பூசிய விதைக்குத்தான் இப்படி நிறம் ஏற்றுவார்கள். மருந்து பூசுவது தவறில்லை, ஆனால் அதைக் கவரில் எச்சரிக்கையாகப் போட வேண்டும். ‘நாட்டு விதை, இயற்கை முறை’ என்று சொல்லி அதையே குழந்தைகள் கை வைக்கும் வீட்டுக்கு அனுப்புவதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன்.

தேங்காய் நார்த் தூளான கோகோபீட்டை மூன்று தண்ணீரில் அலசி, மண்புழு உரம் கலந்து, 98 குழி உள்ள குழித்தட்டில் விதை போட்டேன். ஒரு ஓரமாக 14 குழிகளில், அத்தை போன வருடம் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்திருந்த கத்தரி விதையையும் போட்டேன். மழை அடிக்காமல் மேலே வலை கட்டினேன். எட்டாம் நாளிலிருந்து கத்தரி வரிசையாகத் தலை தூக்கியது. முள்ளங்கியும் வெந்தயமும் வந்தன. மற்ற குழிகள் எல்லாம் வெறும் மண்.

முதலில் என் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஆழமாகப் போட்டுவிட்டேனோ, தண்ணீர் அதிகமோ என்று தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் பல்குத்தும் குச்சியால் ஒரு தக்காளிக் குழியைக் கிளறினேன். விதை அப்படியே கிடந்தது. நகத்தால் அழுத்தியதும் நசுங்கி, உள்ளே சாம்பல் நிறத்தில் கூழாக இருந்தது.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று பழைய வேட்டித் துணியை நனைத்து, வகைக்கு 20 விதை எண்ணிப் பரப்பி, சுருட்டி டிபன் டப்பாவில் வைத்தேன். தினமும் ஈரம் மட்டும் பார்த்துக்கொண்டேன். பத்தாம் நாள் தக்காளியில் 3 முளைத்திருந்தன, காலிஃபிளவரில் 1. கேரட் மெதுவாக வரும் என்று பதினாறு நாள் விட்டும் ஒன்றுகூட இல்லை. கொத்தமல்லி 2. வெந்தயம் மட்டும் இருபதும் முளைத்தது. அதற்கு விதைக் கடையே வேண்டாம், மளிகைக் கடை வெந்தயமே போதும்.

பார்ஸ்லி கவரில் இருந்ததைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் குப்பென்று ஓமவாசனை. சந்தேகம் தீர அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு ஓமம் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே சொரசொரப்பு, அதே வரிகள். அவர்கள் ஓமத்துக்குப் பார்ஸ்லி என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

படங்கள் எல்லாம் அனுப்பிக் கேட்டேன். ‘அக்கா, உங்க கோகோபீட்ல உப்பு இருக்கும், கழுவாம போட்டிருப்பீங்க’ என்று பதில் வந்தது. அதே தட்டில் அத்தையின் கத்தரி 14க்கு 12 வந்திருக்கும் படத்தையும், துணியில் வைத்துச் சோதித்த படத்தையும் அனுப்பினேன். துணியில் ஏது கோகோபீட்? அதற்கு அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

அடுத்து விதை வாங்கியது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில். பி.கே.எம் 1 என்ற ரகத் தக்காளி, தேதியும் சதவீதமும் போட்ட பொட்டலம். இப்போது நாற்று நன்றாக இருக்கிறது. ஆனால் ஐப்பசி முடிந்துவிட்டது, காலிஃபிளவரை இந்த வருடம் விட்டுவிட்டேன். அதற்காகத் தயார் செய்த எட்டுப் பைகளிலும் கீரைதான் தூவியிருக்கிறேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பணம் போடும் முன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வெங்காய விதையெல்லாம் ஒரு வருடம் தாண்டினால் நம்பி விதைக்க முடியாது, அதை மட்டுமாவது புதிதாகப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் பாதியைத் துணியில் வைத்துப் பாருங்கள், பத்து நாள் போனாலும் பரவாயில்லை. கட்டாயம் பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்தபோது என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான். என் கையில் இருந்தது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டுமே.

புகார் பதிவாகியிருக்கிறது. பிரிக்காத 11 கவர்களை அலமாரியில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டும்.